பின்னே நகராத நண்டுகள்

செருக்களப் பேரியக்கத்தின் தலைவர் பரஞ்சோதி மேடையில் அந்த வரியை முழங்கியபோது, மேடைக்குப் பின்னால் தண்ணீர் கேன்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அருமைநாயகத்தின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. எழுதியவர் அவர்தானே.

"எம் நண்டுகள் முன்னே மட்டுமே நகரும்! பின்னே நகரும் கியரை எம் இனம் அறியாது!"

மைதானம் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு வெடித்தது. துண்டுகள் பறந்தன. யாரோ ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுத் தன் மோட்டார் சைக்கிளைப் பின்னால் தள்ளி நிறுத்த மறுத்து, அதனால் நெரிசலாகி, போலீஸ் வந்து தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. அருமைநாயகம் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் குடித்தார். இருபது வருடமாக அடுத்தவர் வாய்க்கு வசனம் எழுதுகிற மனிதருக்குக் கிடைக்கிற ஒரே குடி அதுதான். இயக்கம் அவருக்கு 'அனல்நா' என்று பட்டம் கொடுத்திருந்தது. நாக்கு தலைவருடையது, அனல் மட்டும் இவருடையது என்று அவர் மனைவி தங்கபுஷ்பம் சொல்வாள்.

நண்டு என்று அவர் எழுதியது கடல் நண்டை அல்ல. சமர்ச் சட்டம் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் கலவரம், பஸ் எரிப்பு, தலைவெட்டு என்று நாடு களைத்துப்போன ஒரு காலத்தில், அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. இரண்டு இயக்கங்களுக்குள் தகராறா? அடித்துக்கொள்ளுங்கள்; ஆனால் மனிதர்கள் வேண்டாம். ஆளுக்குப் பன்னிரண்டு குட்டிப் போர் இயந்திரங்கள். முழங்கால் உயரம், ஆறு கால், நெற்றியில் ஓர் ஒளித்துப்பாக்கி. தகராறில் உள்ள இடத்தைப் போலவே அரங்கில் மண் கொட்டி மேடு பள்ளம் அமைத்து, அதில் விட்டு ஆட வேண்டும். ஜெயித்த இயக்கம் சொல்வதுதான் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. அரசாணையில் அதற்குக் 'குறுவடிவச் சமர் இயந்திரம்' என்று பெயர். ஜனங்கள் நண்டு என்றார்கள். நண்டு என்பதே நின்றது.

ரத்தம் நின்றுபோனது உண்மைதான். பவிசு நிற்கவில்லை. ஒவ்வொரு இயக்கமும் நண்டை ஆட்டும் விதத்திலேயே அதன் ஜாதகத்தைப் படித்துவிடலாம். அருள்நெறிப் பாசறையின் நண்டுகள் ராகு காலத்தில் ஓர் அடி எடுத்து வைக்காது; ஒரு தடவை ஆயுத பூஜையன்று கண்ணாடிக் கண்ணிலேயே சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டதில் பன்னிரண்டும் குருடாகித் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டன. நடுநிலை மன்றத்தின் நண்டுகள் மும்முனைச் சமர்களில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கமாகக் கடைசியில் நடந்து போகும். வளமைக் கூட்டமைப்பின் நண்டுகள் மணலுக்குள் புதைந்துகொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான அரசு அலுவலகம் போல அசையாமல் காத்திருக்கும். பார்க்கவே எரிச்சலாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஜெயிக்கும். செருக்களப் பேரியக்கத்தின் நண்டுகளுக்கோ முதுகில் கொடிக்கம்பம், பக்கவாட்டில் தலைவர் படம். கம்பத்தின் கனம் தாங்காமல் முதல் பள்ளத்திலேயே சில நண்டுகள் குப்புற விழும். அது தாய் மண்ணை முத்தமிடுவது என்று அருமைநாயகம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இந்தத் தடவை தகராறு அளத்தடி. கடற்கரையோரம், உப்பளத்தை ஒட்டி, மூன்று தலைமுறையாக உப்பள வேலைக்காரர்கள் குடியிருக்கும் இடம். அதில் சரக்கு ட்ரோன்கள் இறங்கும் துறைமுகம் கட்ட வேண்டும் என்றது வளமைக் கூட்டமைப்பு. குடியிருப்பவர்கள் தாங்களே நண்டு விட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட இயக்கம்தான் விடலாம். எனவே அவர்கள் செருக்களப் பேரியக்கத்தின் காலில் விழுந்தார்கள். விழச் சொன்னவர் அருமைநாயகம். ஏனென்றால் அளத்தடியில் நான்காவது தெருவில்தான் அவர் வீடு.

கூட்டம் முடிந்து அவர் வீடு வந்தபோது, தங்கபுஷ்பம் அரிவாள்மணையில் சாளை மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பேச்சைக் கேட்டேன். பின்னால போற கியரு இல்லையாம்லா நம்ம நண்டுக்கு?"

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டைக் காப்பாத்துமான்னு தெரியல."

"அது ஒரு அலங்காரம், புள்ள. மேடைக்கு."

"மேடையில சொன்னது மேடையோட போயிருமா? ஒங்க ஆளுவ வேற." அவள் மீன் தலையை ஒரே வெட்டில் தள்ளினாள்.

மறுநாளே தெரிந்துவிட்டது. இயக்கத்தின் பொதுக்குழு கூடி, பின்கியரை அகற்றுவது என்று கைதட்டலோடு தீர்மானம் போட்டது. சாயங்காலம் ரெஜினா புயல் மாதிரி வந்து நின்றாள். தங்கபுஷ்பத்தின் தங்கை. இயக்கத்தின் நண்டு ஆட்டக்காரி. அளத்தடியிலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் பெண் என்ற திமிர் அவளுக்கு உண்டு. அதை அவள் ஒளிப்பதும் இல்லை.

"அத்தான், கியருன்னு எழுதுனியளே, நண்டுக்கு ஏது கியரு? ஆறு காலுதான இருக்கு. இப்போ நீங்க எழுதுன பாவத்துக்கு, இல்லாத கியரைக் கழட்டணும்னு என்னயப் போட்டு உசுர எடுக்காவ."

"இல்லாததைக் கழட்டுனா நஷ்டம் ஒண்ணும் இல்லையே?"

"ஈஈன்னு இளிக்காதிய. பின்னால நடக்குற கட்டளையை அழிக்கச் சொல்லுதாவ. இதைக் கேளுங்க." அவள் அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதுதான் நண்டு. முன்பக்கந்தான் கவசம். முதுகுல இருக்கது சூட்டைக் கக்குற தகடு, அப்பளம் கணக்கா. நாலு தடவை சுட்டா உள்ள கொதிச்சிரும், அப்புறம் அசையாது. அதுக்கு முன்னாடி என்ன செய்யணும்? மொகத்தை எதிரிக்குக் காட்டிக்கிட்டே அப்படியே பின்னால நடந்து, ஒரு மேட்டுக்குப் பொறத்தால போயி ஆறிட்டு வரணும்." கூட்டைச் சொம்புக்குப் பின்னால் நகர்த்திக் காட்டினாள்.

"பின்னால நடக்காம போக முடியாதா?"

"முடியும். திரும்பிப் போகலாம். திரும்புனா எதிரிக்கு எது தெரியும்?"

அருமைநாயகம் கூட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். "முதுகு."

"ம். முதுகு காட்டக்கூடாதுன்னுதான அந்தக் கட்டளையே இருக்கு. மூளையுள்ள எவனோ முதுகு காட்டாம ஒதுங்குறதுக்கு ஒரு வழி செஞ்சு வச்சிருக்கான். நீங்க வீரம்னு சொல்லி அதைத்தான் புடுங்குதிய."

உள்ளேயிருந்து தங்கபுஷ்பம் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "போயி ஒங்க தலைவர்கிட்டச் சொல்லுங்க. அது சும்மா எழுதுனதுன்னு. ஒரு வார்த்தை. அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டு போனார். தலைவர் பரஞ்சோதியின் வீட்டுக் கூடத்தில், தலைவர் சாய்வு நாற்காலியில் கிடக்க, ஒருவன் அவர் மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தான். சுற்றிலும் மாவட்டங்கள், வட்டங்கள், ஒன்றியங்கள் கைகட்டி நின்றன. தலைவரின் அக்கா மகன் இளம்பரிதி செல்பேசியில் நண்டு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

"வா, அனல்நா," என்றார் தலைவர், உதட்டை அசைக்காமல். மீசை ஈரமாக இருந்தது. "அந்த வரியைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது. நான் மனசுல நெனச்சதை நீ எழுதியிருந்தே."

"தலைவரே, அந்தப் பின்கியர்... அது வந்து, ஒரு அலங்காரத்துக்கு..."

"அலங்காரமா?"

மை பூசுகிறவனின் கை நின்றது. மாவட்டங்களும் வட்டங்களும் அருமைநாயகத்தைப் பார்த்தன. இருபது வருடத்தில் அவர் அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியைக் கேட்டதில்லை.

"அலங்காரத்துக்குன்னு மட்டும் விட்டுடாம, கொள்கையாவே ஆக்கிட்டீங்களே, அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

கூடம் மூச்சு விட்டது. தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "பயலுக என்னமோ சொல்றாங்க. பின்னால போக முடியலன்னா திரும்பிப் போகுமாம், முதுகு தெரியுமாம். அதுக்கு என்ன சொல்றே?"

இதுதான் வாசல். திறந்தே இருந்தது. ஆமாம் தலைவரே, அதனால் பழையபடியே விட்டுவிடலாம் என்று சொல்ல வேண்டியதுதான். அருமைநாயகம் வாயைத் திறந்தார். வாய்க்கு வந்தது என்னமோ எதுகை.

"திரும்பவும் கூடாது தலைவரே. முன்னே செல், இல்லையேல் மண்ணே கொள்."

"ஆகா!" என்றது ஒரு மாவட்டம். "முன்னே, மண்ணே," என்று ஒரு வட்டம் வாய்க்குள் சப்புக்கொட்டிப் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் அது சுவரொட்டியாகிவிட்டது.

அவர் வீடு திரும்பியபோது அக்காளும் தங்கையும் வாசலில் நின்றார்கள்.

"சொல்லிட்டியளா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"சொன்னேன். ஆனா... இப்போ திரும்பவும் கூடாதாம்."

"அது யாரு சொன்னா?"

அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் அவர் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட நடை அது.

ரெஜினாதான் பேசினாள். "அத்தான், இங்க பாருங்க. நான் அழிக்கல. அழிச்ச மாதிரி காட்டிருக்கேன். ஆட்டத்துல புழுதி கிளம்புற நேரம் பாத்துப் பின்னால எடுப்பேன். யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் வர்ணனை மைக்கு ஒங்க கையில. என்னத்தையாவது பேசிச் சமாளிங்க. பேசுததுதான ஒங்க வேலை?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன், ரெஜி."

"நெசமாவா?"

"நம்ம வீடும்லா போவும்," என்றார் அவர். அப்போது அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

ஆட்ட நாளன்று அரங்கு நிரம்பி வழிந்தது. வளமைக் கூட்டமைப்பின் நண்டுகள் மீன் பெட்டி போன்ற பெட்டிகளில், ஒரு சாதா வேனில் வந்து இறங்கின. அவற்றை ஆட்டப் போகிறவள் கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி. ஒரு கையில் டிபன் கேரியர், ஒரு கையில் குடை. செருக்களப் பேரியக்கத்தின் நண்டுகள் பன்னிரண்டும் திறந்த ஜீப்பில், மாலையும் மேளதாளமுமாக ஊர்வலம் வந்தன. மகளிரணி ஆரத்தி எடுத்தது. பூசணிக்காய் உடைத்ததில் ஒரு துண்டு பறந்து நான்காம் நண்டின் கால் மூட்டில் சொருகிக்கொள்ள, ரெஜினா மண்டியிட்டு அதைக் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தாள்.

அளத்தடிக்காரர்கள் கிழக்கு மூலையில் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். அரங்கின் நடுவே அவர்கள் ஊரே சின்னதாகக் கிடந்தது. உப்புக் குவியல்கள் வெள்ளை மேடுகளாக. வீடுகள் அட்டைப் பெட்டிகளாக. "எங்க வீடு அந்தா, ஓரத்துல," என்று ஒருத்தி காட்ட, "அது எங்க வீடுடி, ஒங்க வீட்டை மறந்துட்டான்," என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். தங்கபுஷ்பம் எதையும் காட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

சங்கு ஊதியது. அருமைநாயகம் மைக்கைப் பிடித்தார்.

ரெஜினா அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவளுடைய நண்டுகள் மும்மூன்றாக முன்னேறின. சுட்டன, புழுதி எழுந்ததும் கமுக்கமாகப் பின்னால் நடந்து உப்பு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஆறின, அதற்குள் அடுத்த மூன்று முன்னே வந்தன. மணலில் புதைந்திருந்த எதிரி நண்டுகள், யாரைச் சுடுவதென்று புரியாமல் தலையைத் தூக்கின. தூக்கியவை ஒவ்வொன்றாக விழுந்தன. கண்ணாடிக்காரப் பெண்மணி முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கிழக்கு மூலையில் அளத்தடி எழுந்து நின்றுகொண்டது. எதிரணியில் பாதி காலி. இவர்கள் பக்கம் இன்னும் ஒன்றுகூட விழவில்லை.

அப்போதுதான் கடற்காற்று வீசியது. புழுதி விலகியது. ஏழாம் நண்டு, தலைவர் படத்தோடும் கொடியோடும், பட்டப்பகலில், பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏல, பின்னால போவுதுல!" என்று ஒரு குரல்.

"நம்ம நண்டாடா அது?"

"துரோகம்! துரோகம்!"

மேற்குப் பக்கம், இயக்கத் தொண்டர்கள் உட்கார்ந்திருந்த பக்கம், கொதித்தது. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கேவலப்பட்டுவிட்டோம் என்பது எல்லோருக்கும் தோன்றியது. ஆட்டக் குழிக்குள்ளிருந்து ரெஜினா தலையைத் தூக்கி, மேலே வர்ணனைக் கூண்டைப் பார்த்தாள். அவள் கை ஆட்டத்தை விடவில்லை. கண் மட்டும் கேட்டது: பேசுங்க.

அருமைநாயகத்துக்கு வரி வந்துவிட்டது. அது எப்போதும் வந்துவிடும், அதுதானே அவருடைய வரம். அலை பின்னே போகிறது. அதற்காகக் கடல் தோற்றதென்று கரை சொல்லுமா? முழுசாக, பதமாக, தாளத்தோடு நாக்கு நுனியில் நின்றது. இதைச் சொன்னால் மேற்குப் பக்கம் அப்படியே திரும்பிவிடும்; அடுத்த நிமிஷம் 'அலை! அலை!' என்று கத்தும். நாளைக்கு அதுவே சுவரொட்டியாகும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். வாழ்நாளில் எழுதிய வரிகளிலேயே ஒரு நிஜ வீட்டைக் காப்பாற்றக்கூடிய வரி அது ஒன்றுதான்.

கூண்டின் கதவைத் திறந்துகொண்டு இளம்பரிதி வந்தான். "மாமா கேக்கச் சொன்னார். இது யார் செஞ்ச வேலை?"

அருமைநாயகம் எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் தலைவர் பரஞ்சோதி இவர் பக்கம் திரும்பியிருந்தார். கோபமாக இல்லை. காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் இருபது வருடமாக இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முகம் சுளிக்காமல் இருக்க என்ன வேண்டுமோ அதை எழுதியே கை பழகிவிட்டது. நாக்கு நுனியில் இருந்த வரி மெல்ல உள்ளே போய்விட்டது.

"தோழர்களே!" என்றார் மைக்கில். "கொள்கை பின்வாங்கவில்லை. கொள்கையைக் காட்டிக்கொடுத்த ஒரு கை பின்வாங்கியிருக்கிறது. அந்தக் கை அப்புறப்படுத்தப்படும்!"

மேற்குப் பக்கம் ஆர்ப்பரித்தது. ரெஜினா அவரையே பார்த்தாள். கைக்கருவியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குழியை விட்டு ஏறினாள். யாரோ எறிந்த பாட்டில் அவள் தோளில் பட்டது. இளம்பரிதி போய் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு விவரிக்க அதிகம் இல்லை. பன்னிரண்டு நண்டுகளும் ஒரே வரிசையில், கொடி பறக்க, திறந்த வெளியில் நேரே நடந்தன. சுட்டன, கொதித்தன, நின்ற இடத்தில் நின்றன. கண்ணாடிக்காரப் பெண்மணி மிச்சமிருந்த ஆறையும் மணலுக்குள் இறக்கி, அவசரமில்லாமல், முருங்கைக்காயைச் சப்புகிற மாதிரி ஒவ்வொன்றாக முடித்தாள். கடைசி நண்டு, அட்டைப் பெட்டி வீடுகளுக்கு நடுவே நின்று எரிந்தது. அது எந்தத் தெரு என்று அருமைநாயகம் பார்க்காமல் இருக்க முயன்றார். நான்காவது தெரு.

"தோல்வி என்பார்கள்," என்று அன்று சாயங்காலமே தலைவர் முழங்கினார். "பன்னிரண்டு உடல்களையும் புரட்டிப் பாருங்கள். ஒன்றின் முதுகிலாவது காயம் உண்டா? எல்லாம் நெஞ்சில்! எல்லாம் நெஞ்சில்!" இதற்கும் வரி எழுதிக் கொடுத்தவர் அருமைநாயகம்தான். தொண்டர்கள் கதறி அழுதார்கள். எதிரணியை யாரும் திட்டவில்லை. ரெஜினாவின் படத்துக்குச் செருப்பு மாலை போட்டுச் சுவரெல்லாம் ஒட்டினார்கள்.

அளத்தடியைக் காலி செய்ய லாரிகள் வந்தன. செம்மணல் தேரிக்காட்டுக்குள் தகரக் கொட்டகை போட்டிருக்கிறதாம், போர்வெல் போட்டால் தண்ணீர் வருமாம். தங்கபுஷ்பம் பாத்திரங்களைச் சேலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ரெஜினா வெளியே லாரியில் ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்துக்குப் பிறகு அவள் அத்தானிடம் ஒரு சொல் பேசவில்லை.

"புள்ள, ஒரு விஷயம்," என்றார் அருமைநாயகம். "நம்ம வீடு போகாது போல இருக்கு."

அவள் முடிச்சு போடுவதை நிறுத்தினாள்.

"சமர்ச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. வீழ்ந்த நண்டுகளுக்கு அந்த மண்ணுலயே நினைவிடம் வைக்கலாம், இடிக்க முடியாது. தலைவர் பேசி முடிச்சிட்டார். நாலாவது தெரு முக்குல, பன்னெண்டு நடுகல். சுத்துச்சுவர், குழாய்த் தண்ணி, லைட்டு. பாத்துக்கிட ஒரு ஆளு வேணுமாம், குடியிருந்துக்கிட்டே. என்னயச் சொல்லியிருக்கார்."

"குழாய்த் தண்ணியா?"

"ஆமா."

"முப்பது வருஷமா நாங்க கேட்டோம், வரல. நண்டுக்கு வருதாக்கும்." அவள் முடிச்சை இறுக்கினாள். "யாருமே இல்லாத ஊர்ல, ஒடஞ்ச இரும்புக்கு நாம காவலு இருக்கணும். அப்படித்தான?"

"வீடு இருக்கும்லா."

"வீடு இருக்கும். சரி." மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "நீங்க லாரியில வாரியளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நடுகல்லுல பொறிக்க வாசகம் கேக்காவ. கல்பட்டறைக்குப் போகணும். அதை முடிச்சிட்டு நாளைக்கு வாரேன், பேசிக்கிடுவோம்."

"நாளைக்கா," என்றாள் தங்கபுஷ்பம். அவ்வளவுதான். லாரியின் பின்பக்கம் தங்கை கை கொடுக்க, ஏறிக்கொண்டாள். நல்ல வசனம் ஏதாவது சொல்வாள் என்று அவர் நின்று பார்த்தார். அவள் மூட்டை சரியாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்பட்டறை நெடுஞ்சாலையோரம் இருந்தது. கல்தச்சர் சங்கிலி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அவரைப் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனார். வேப்பமரத்தடியில் பன்னிரண்டு கல்லும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நண்டு, புடைப்பாக, நிமிர்ந்து. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் சரியாக உளி வைத்துத் துளைத்த ஓட்டை.

"வேகமா முடிச்சிட்டியளே," என்றார் அருமைநாயகம். ஒரு கல்லின் தலையில் கை வைத்தார். பாசி வழுக்கியது. அடியில் கரையான் மண் ஏறியிருந்தது. இன்னொன்றில் கோவைக்கொடி சுற்றிப் பூத்திருந்தது.

"எங்க வேகம்? இது பொங்கல் கழிச்ச ஆர்டரு அண்ணாச்சி. மழையில நனைஞ்சு கெடக்கு. சுத்தம் பண்ணிக் குடுத்திருவோம்."

"பொங்கல் கழிச்சா? ஆட்டமே ஆனியிலதான நடந்துச்சு?" அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். மாசிக் கடைசியில்தான் அந்தப் பொதுக்கூட்டம். பின்கியர் என்ற சொல்லே அவருக்கு அதற்கு முந்தின ராத்திரிதான் தோன்றியது. "பன்னெண்டும் விழும்னு எப்படித் தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? தலைவர் அக்கா மகன்தான் வந்து சொன்னாரு. பன்னெண்டு கல்லு, எல்லாக் காயமும் நெஞ்சுலன்னு." சங்கிலி சாறு தெறிக்கத் துப்பிவிட்டுச் சிரித்தார். "நானும் ஒங்களைப் போலத்தான் கேட்டேன். தம்பி, ஜெயிச்சிட்டா இந்தக் கல்லை என்ன செய்யன்னு. அதுக்கு அந்தத் தம்பி சொல்லுது: ஜெயிச்சா அந்தச் சனம் தண்ணி கேக்கும், பட்டா கேக்கும், ரோடு கேக்கும், நாளும் பொழுதும் வாசல்ல வந்து நிக்கும். கல்லுன்னா வருஷத்துக்கு ஒரு மாலை போதும்னு. வெவரமான புள்ளை."

நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கட்டில்களும் கோழிக்கூடுகளும் ஆட்டுக்குட்டிகளுமாக அளத்தடி போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு லாரியில் தங்கபுஷ்பமும் இருப்பாள். கையை நீட்டி நிறுத்தினால் எந்த லாரியும் நிற்கும். எல்லா டிரைவர்களுக்கும் அவரைத் தெரியும். அருமைநாயகம் சாலை வரைக்கும் நடந்தார். ஓரத்தில் நின்றார். புழுதி முகத்தில் அடித்தது.

"அண்ணாச்சி, எழுத்து மட்டுந்தான் பாக்கி," என்று பின்னாலிருந்து சங்கிலி குரல் கொடுத்தார். "எல்லாக் கல்லுக்கும் ஒரே வாசகமா, தனித்தனியாவா?"

கடைசி லாரி போகும் வரை அவர் நின்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"தனித்தனியாவே இருக்கட்டும்," என்றார். "ஒரு கல்லுக்கு எத்தனை வரி பிடிக்கும்?"